காவிரிப் படுகையின் இதய நோயாளிக்கு எந்த ஆய்வு சான்று?

சிறு வயதில் வந்த தொண்டைப் புண், அதைத் தொடர்ந்த மூட்டு வீக்கக் காய்ச்சல், இருபது ஆண்டு கழித்து மூச்சிரைப்பு, எக்கோ பரிசோதனையில் சுருங்கிய மைட்ரல் வால்வு. காவிரிப் படுகையின் அரசு மருத்துவமனைகளில் இதயப் பிரிவுக்கு வரும் நடுத்தர வயதுப் பெண்களில் ஒரு சாராரின் நோய் வரலாறு இப்படித்தான் இருக்கும். அவர்களுடைய இதயத்துக்குள் ரத்தம் உறையாமல் காக்க எந்த மாத்திரையைக் கொடுப்பது, அதை எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறு நாட்டில், வேறு வயதில், வேறு காரணத்தால் இதயம் பழுதானவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவற்றை இங்கே எவ்வளவு தூரம் நம்பலாம்? நம்ப முடியாத இடத்தில் புதிய ஆய்வை எப்படி அமைப்பது? இக்கட்டுரை இந்த இரண்டையும் விசாரிக்கிறது.

சோதிக்காமலே முடிவான விடை

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. அது திரும்பத் திரும்பத் தாக்கும்போது வால்வின் இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வழி குறுகுவதால் இடது மேலறை பெருத்துப் போகிறது. ஒரு கட்டத்தில் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்குகிறது. மருத்துவச் சீட்டில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதப்படும் இந்த மேலறை நடுக்கத்தில் ரத்தம் தேங்குகிறது, தேங்கிய ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வினர் 1978-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மேலறை நடுக்கம் மட்டும் இருந்தால் பக்கவாத அபாயம் ஐந்தரை மடங்கு கூடுகிறது; ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் 17 மடங்கு. அடுத்த பத்தாண்டில் வார்ஃபரின் மருந்தைச் சோதிக்கத் தொடங்கிய ஆய்வுகள் இந்த இரண்டாம் பிரிவினரைச் சேர்க்கவில்லை. கோபன்ஹேகனில் நடந்து 1989-ல் வெளிவந்த ஆய்வும், அதைத் தொடர்ந்து பாஸ்டனிலும் கனடாவிலும் நடந்தவையும் ருமாட்டிக் நோய் இல்லாத முதியவர்களையே எடுத்துக்கொண்டன. காரணம் புரியக்கூடியதுதான். அபாயம் 17 மடங்கு என்று தெரிந்த பிறகு பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையைக் கொடுக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது. ருமாட்டிக் நோயாளிகளுக்கு வார்ஃபரின் கட்டாயம் என்பது அனுபவத்தின் பேரில் முடிவாயிற்று. மற்றவர்களுக்கு அது குலுக்கல் முறை ஆய்வுகளால் முடிவாயிற்று: 2007 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது வார்ஃபரின் பக்கவாதத்தை 64 சதவீதமும், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் 22 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது.

அன்றைய நெறி சரியானதே. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு இருந்தது. ருமாட்டிக் நோயாளியிடம் வார்ஃபரின் எவ்வளவு பயன் தருகிறது என்ற எண் எங்கும் பதிவாகவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளை அமைத்தவர்கள் எல்லோரையும் இந்த வெற்றிடம் இடறியிருக்கிறது.

ஒரு மாத்திரை, ஒரு குழாய் ரத்தம்

வார்ஃபரின் கால்நடைகளின் நோயிலிருந்து பிறந்த மருந்து. பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறப்பதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் குழு, உறைதலைத் தடுக்கும் வேதிப்பொருளை 1940 வாக்கில் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. டெல்டா விவசாயிக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. வரப்பு வளைகளில் எலிக்கு வைக்கும் புரோமடியோலோன் கட்டி வார்ஃபரினின் நெருங்கிய உறவுதான். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதே இரண்டின் செயல்முறையும். அளவு சற்றுக் கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் உறைகட்டி. பாதுகாப்பான இடைவெளி மிகக் குறுகியது.

அந்த இடைவெளிக்குள் நோயாளி இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் ஐ.என்.ஆர். பரிசோதனை. நீல மூடி போட்ட சிறு குழாயில் சிட்ரேட் கரைசல் ஒரு பங்கு இருக்கும். அதில் ஒன்பது பங்கு ரத்தம் நிரம்ப வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் குழாய் பாதியே நிரம்பினால் சிட்ரேட் மிகுந்து, ரத்தம் உறைய அதிக நேரம் பிடிக்கிறது. முடிவு உண்மையை விட உயர்வாக வரும். அதைப் பார்த்த மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார். குறைக்கத் தேவையே இல்லாத நோயாளிக்கு உறைகட்டி உருவாகும் அபாயம் அங்கே தொடங்கிவிடும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வினைப்பொருள் வேறுபடுவதால் வரும் குழப்பத்தைச் சரிசெய்யவே உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஐ.என்.ஆர். என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. வால்வு சுருங்கி மேலறை நடுக்கம் உள்ளவருக்கு இந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் வார்ஃபரினோடு அசெனோகூமரால் மாத்திரையும் பரவலாகப் புழங்குகிறது. வார்ஃபரின் உடலில் பாதியாகக் குறைய ஒன்றரை நாளுக்கு மேலாகும். அசெனோகூமராலுக்குச் சுமார் 8 முதல் 11 மணி நேரம் போதும். ஒரு வேளை மறந்தால் பின்னதில் ஏற்ற இறக்கம் அதிகம். ஆகவே வெளிநாட்டு ஆய்வில் வார்ஃபரினுக்குக் கிடைத்த முடிவை அசெனோகூமராலுக்கு அப்படியே பொருத்துவதில் கூட ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது.

புதிய மாத்திரைகள், பழைய ஒப்பீடு

மாதந்தோறும் ரத்தம் எடுக்க வேண்டாத புதிய மருந்துகள் 2009-க்கும் 2013-க்கும் இடையில் நான்கு பெரிய ஆய்வுகளின் வழியே வந்தன. டபிகாட்ரானைச் சோதித்த ரீ-லை ஆய்வில் 18,113 பேர். ரிவராக்சபானைச் சோதித்த ராக்கெட் ஆய்வில் 14,264 பேர். அபிக்சபானின் அரிஸ்டாட்டில் ஆய்வில் 18,201 பேர். எடோக்சபானின் எங்கேஜ் ஆய்வில் 21,105 பேர். இவற்றின் சராசரி நோயாளிக்கு வயது எழுபதை ஒட்டியது, ஆண்கள் அதிகம். வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கு நான்கிலும் இடமில்லை.

இந்த ஆய்வுகளை அமைத்த விதத்தில் இரண்டு பள்ளிகள் உண்டு. ரீ-லை ஆய்வினர் யாருக்கு வார்ஃபரின் என்பதை மறைக்கவில்லை. பக்கவாதம் வந்ததா என்று தீர்ப்பவர்களுக்கு மட்டும் மறைத்தார்கள். நடைமுறைக்கு நெருக்கமான முறை இது. நோயாளியும் மருத்துவரும் மருந்தை அறிந்திருப்பதால் கவனிப்பில் சாய்வு நுழைய இடமுண்டு என்பது இதன் பலவீனம். ராக்கெட் ஆய்வினர் இரு அணியினரிடமும் ரத்தம் எடுத்து, ரிவராக்சபான் அணிக்குப் பொய்யான ஐ.என்.ஆர். எண்களை உருவாக்கிக் கொடுத்தார்கள். மறைப்பு முழுமையானது. ஆனால் மாதாந்திரப் பரிசோதனையிலிருந்து விடுதலை என்பதே புதிய மருந்தின் பெரிய ஆதாயம் எனும்போது, அந்த ஆதாயத்தை இரு அணிக்கும் மறுத்துவிட்டு ஒப்பிடுவது எந்த நடைமுறைக் கேள்விக்கு விடை தரும் என்று கேட்டவர்களும் உண்டு. அதோடு, அந்த ஆய்வில் பயன்பட்ட கையடக்க ஐ.என்.ஆர். கருவி 2014-ல் அமெரிக்காவில் பாதுகாப்பு எச்சரிக்கைக்கு உள்ளானது. ரத்தசோகை உள்ளிட்ட சில நிலைகளில் அது உண்மையை விடக் குறைவான எண்ணைக் காட்டக்கூடும் என்பது குறை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019–21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. டெல்டாவில் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சோதிக்கும் கருவியை வைத்து ஆய்வு நடத்த நினைப்பவர் முதலில் அந்தக் கருவியையே இங்குள்ள பெண்களின் ரத்தத்தில் சோதித்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஒப்பீட்டு அணியின் தரம். ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருந்த காலத்தின் விகிதத்தை வைத்து இது அளக்கப்படுகிறது. ரீ-லை ஆய்வில் இது ஸ்வீடனில் 77 சதவீதம், தைவானில் 44 சதவீதம். ராக்கெட் ஆய்வில் சராசரி 55 சதவீதம்தான். வார்ஃபரின் மோசமாகக் கண்காணிக்கப்படும் இடத்தில் புதிய மருந்து சுலபமாக வெல்லும். அப்படியானால் எதிரணிக்கு ஸ்வீடன் தரத்தில் கவனிப்புத் தர வேண்டுமா, நம் ஊர் மருத்துவமனையில் கிடைக்கும் அளவில் தர வேண்டுமா? முதலாவது மருந்துகளை ஒப்பிடுகிறது, இரண்டாவது வாழ்க்கைகளை ஒப்பிடுகிறது. இரண்டும் முறையான கேள்விகளே. எதைக் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லாத ஆய்வுகள்தான் பின்னால் குழப்பத்தை விதைக்கின்றன.

நான்கு ஆய்வுகளும் புதிய மருந்து பழையதைவிடத் தாழ்ந்ததல்ல என்று காட்டும் வகையில் அமைந்தவை. எவ்வளவு குறைந்தால் தாழ்வு என்று எல்லை வகுக்க வேண்டும். ரீ-லை, ராக்கெட் இரண்டிலும் அந்த எல்லை 1.46. வார்ஃபரினை மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்ட பழைய ஆய்வுகளிலிருந்து, அதன் பயனில் பாதியாவது காக்கப்பட வேண்டும் என்ற கணக்கில் வகுக்கப்பட்டது அது. ருமாட்டிக் நோயாளிகளில் அந்தப் பழைய ஆய்வுகளே நடக்கவில்லை. அவர்களுக்கு இப்படியோர் எல்லையை எங்கிருந்து வகுப்பது? எனக்குத் தெரிந்தவரை இதற்கு நிறைவான விடை இல்லை.

இன்விக்டஸ் சொன்னதும் சொல்லாததும்

ருமாட்டிக் நோயாளிகளை மையமாக வைத்த முதல் பெரிய ஆய்வு இன்விக்டஸ். கனடாவின் ஹாமில்டனில் உள்ள மக்கள்நல ஆய்வு நிறுவனம் நடத்தியது; டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணேசன் கார்த்திகேயன் அதன் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவர். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த 24 நாடுகளில் 4,565 பேர் சேர்க்கப்பட்டனர். இந்தியாவும் அதில் உண்டு. சராசரி வயது 50.5. பெண்கள் 72 சதவீதம். டெல்டாவின் மருத்துவர்கள் தம் நோயாளிகளை அடையாளம் காணக்கூடிய முதல் ஆய்வு இது எனலாம்.

அப்போதிருந்த எதிர்பார்ப்பு ரிவராக்சபானுக்குச் சாதகமாக இருந்தது. கொரியாவின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை அலசி 2019-ல் வெளிவந்த ஆய்வு, வால்வு சுருங்கியவர்களில் புதிய மருந்து எடுத்தவர்களுக்கு உறைகட்டி நிகழ்வுகள் ஆண்டுக்கு 2.22 சதவீதம், வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு 4.19 சதவீதம் என்று காட்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் இன்விக்டஸ் முடிவு வந்தபோது படம் தலைகீழானது. பக்கவாதம், உடலின் வேறிடத்தில் அடைப்பு, மாரடைப்பு, ரத்தநாளக் காரணத்தாலோ காரணம் தெரியாமலோ இறப்பு ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியதில் ரிவராக்சபான் அணியின் 2,275 பேரில் 560 பேருக்கும், வார்ஃபரின் வகை மாத்திரை அணியின் 2,256 பேரில் 446 பேருக்கும் அவற்றில் ஒன்று நேர்ந்தது. இறந்தவர்கள் முறையே 552, 442. பக்கவாதம் 90, 65. பெரும் ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கொரிய ஆய்வுக்கும் இதற்கும் ஏன் இவ்வளவு தூரம்? குலுக்கிப் பிரிக்காத பதிவேட்டு ஆய்வில், மருத்துவர் யாருக்குப் புதிய மருந்தை எழுதினார் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடலாம். வால்வு ஓரளவு நல்ல நிலையில் இருப்பவருக்கு அனுமதிக்கு வெளியே புதிய மருந்தைத் தர மருத்துவர் துணிந்திருக்கலாம். புள்ளியியல் பொருத்தங்கள் இதைப் பாதி அளவே சரிசெய்யும்.

இன்விக்டஸ் முடிவை எப்படிப் படிப்பது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஒரு சாரார் நேரடியாகப் படிக்கிறார்கள்: ருமாட்டிக் நோயில் வைட்டமின் கே தடுப்பு மருந்தே சிறந்தது, வழிகாட்டி நெறிகளும் அப்படியே நிற்கட்டும். மற்றொரு சாரார் எண்களின் உள்ளே போகிறார்கள். பக்கவாதத்தில் வேறுபாடு 25, இறப்பில் 110. உயிரிழப்பைக் குறைத்தது உறைகட்டியைத் தடுத்ததுதான் என்றால் இந்த விகிதம் பொருந்தவில்லை. குறைந்த இறப்புகளும் பெரும்பாலும் திடீர் மரணமும் இதயச் செயலிழப்பு மரணமும்தான். ஆகவே வேறு விளக்கம் தேடப்படுகிறது. வார்ஃபரின் அணியினர் ஐ.என்.ஆர். பார்க்க அடிக்கடி மருத்துவமனைக்கு வந்தார்கள். வந்தபோது கால் வீக்கம் தென்பட்டிருக்கும், நீர் பிரியும் மாத்திரை சரிசெய்யப்பட்டிருக்கும், வால்வு அறுவைக்கு நேரத்தில் அனுப்பப்பட்டிருப்பார்கள். இந்தத் தொடர்புதான் உயிர் காத்ததா? ஆய்வாளர்கள் இந்தச் சாத்தியத்தைப் பேசினார்கள். முழு வேறுபாட்டையும் இது விளக்கிவிடும் என்று அவர்கள் ஏற்கவில்லை. ரிவராக்சபானை நிரந்தரமாக நிறுத்தியவர்கள் அதிகம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வில் சேர்ந்த நாளில் வார்ஃபரின் அணியினரில் 33 சதவீதத்தினருக்கே ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருந்தது. ஆய்வு நடந்த காலத்தில் அது 56 முதல் 65 சதவீதம் வரை உயர்ந்தது. வென்றது மாத்திரை மட்டும்தானா, அதைச் சுற்றி ஆய்வு எழுப்பிய கவனிப்புமா என்பதை இந்த அமைப்பில் பிரித்துப் பார்க்க வழியில்லை. என் மதிப்பீட்டில் இன்விக்டஸ் விட்டுச்சென்ற மிக முக்கியமான கேள்வி இதுதான்.

நடவுக் காலத்து இடைவெளி

அந்தக் கவனிப்பை டெல்டாவில் கற்பனை செய்து பார்க்கலாம். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதன்பின் குறுவை நடவு, தொடர்ந்து சம்பா, தாளடி, இடையிடையே களையெடுப்பு. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஐ.என்.ஆர். பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் கிடைக்காது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குத் துணையாக 2010-ல் திருவாரூரிலும் 2022-ல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு தூரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, மருத்துவரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாள் கூலி போகும். ஆண்டில் கூலி நிச்சயமாகக் கிடைக்கும் சில வாரங்களில் அந்த ஒரு நாளை யார் விடுவார்கள்?

இதில் அளவீட்டு முறை சார்ந்த ஒரு நுட்பமான குறை இருக்கிறது. இலக்குக்குள் இருந்த காலத்தைக் கணக்கிட நெதர்லாந்தின் ரோசெண்டால் 1993-ல் வகுத்த முறையே இன்றும் எங்கும் பயன்படுகிறது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே எண் சீராக மாறியது என்று வைத்துக்கொண்டு இடைப்பட்ட நாட்களை நிரப்பும் முறை அது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் 56 நாட்களுக்கு மேல் போனால் அந்தக் காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். பொதுவான நிலைமைக்கு இது நியாயமே. டெல்டாவிலோ, நடவு முழுவதும் வராத ஒருவரின் மிக ஆபத்தான வாரங்கள் இதனால் பதிவிலிருந்தே மறைந்துவிடும். குனிந்து நட்ட இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வதும் அதே வாரங்களில்தான். வலி மாத்திரையும் உறைதடுப்பு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இங்கே நடக்கும் எந்த ஆய்வும் விடுபட்ட காலத்தைத் தனியான முடிவாகவே எண்ண வேண்டும். பருவத்தை ஒரு மாறியாகப் பதிவு செய்ய வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நேர்ந்ததுபோல் சாலைகள் துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மரபணுவைப் பார்த்து அளவை முன்கூட்டியே நிர்ணயித்தால் ஆரம்பகால ஏற்ற இறக்கம் குறையும் என்றொரு கட்சியும் உண்டு. 2013-ல் வெளிவந்த இரண்டு வார்ஃபரின் ஆய்வுகளில் ஐரோப்பிய ஆய்வு பயன் இருப்பதாகவும், 1,015 பேரைச் சேர்த்த அமெரிக்க ஆய்வு பயன் இல்லை என்றும் சொன்னது. அமெரிக்க ஆய்வில் கறுப்பின நோயாளிகளுக்கு மரபணுச் சூத்திரம் மற்றதைவிட மோசமாகவே வேலை செய்தது. ஒரு மக்களிடம் உருவாக்கிய சூத்திரத்தை வேறு மக்களிடம் நம்பி இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

செயற்கை வால்வு வைத்தவர்கள்

வால்வை மாற்றிக்கொண்டவர்களின் நிலை வேறு. உலோக வால்வு வைத்தவர்களில் டபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, உறைகட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டு 2013-ல் முடிவு வெளியானது. ஒரு குறிப்பிட்ட வகை வால்வில் அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் 2022-ல் அதே கதியை அடைந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, விலை குறைவு என்பதால் ஏழை நோயாளிகள் பலருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மாத்திரை தவறி வால்வு அடைத்துக்கொண்டு வருபவர்களுக்கு உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸை வேகமாக ஏற்றுவதா, மெதுவாக ஏற்றுவதா என்று 120 பேரைக் குலுக்கிப் பிரித்து டெல்லி எய்ம்ஸ் சோதித்து 2009-ல் வெளியிட்டது. உறுதியான வேறுபாடு தெரியவில்லை. பணக்கார நாடுகளில் இந்த நோயாளிகள் அரிது. ஆகவே அங்கிருந்து விடை வரக் காத்திருப்பதில் பொருளில்லை.

சென்னையின் முன்னுதாரணம்

மாத்திரையைவிடக் கவனிப்பைச் சோதிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி, 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியம்: படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறுபாதிக்கு நெரிசலான வீட்டிலேயே மாத்திரை. மருந்து இருவருக்கும் ஒன்றே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 1959-ல் வெளியிட்ட முடிவில், வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு அந்த ஆய்வு ஒரு பெரும் காரணம். ஏழையின் வீட்டை ஒரு குறையாகப் பார்க்காமல் ஆய்வின் களமாகவே ஏற்றதில்தான் அதன் வலிமை இருந்தது.

உறைதடுப்பிலும் இந்தத் திசையில் சான்று உண்டு. நோயாளிகள் தாங்களே ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளும் 11 ஆய்வுகளின் தனிநபர்த் தரவுகளை 2012-ல் தொகுத்தபோது, உறைகட்டி நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. இவை பெரிதும் மேலைநாட்டு ஆய்வுகள். கருவியும் பட்டையும் சொந்தமாக வாங்குவது இங்கே சாத்தியமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம் கருவி இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேட்கத்தக்க கேள்வி.

இதைச் சோதிக்க இரண்டு வழிகள் பேசப்படலாம். ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையங்களையே குலுக்கிப் பிரித்து, சிலவற்றின் எல்லையில் வீட்டுப் பரிசோதனையும் மற்றவற்றில் வழக்கமான முறையும் வைப்பது. நிர்வாகத்துக்கு இது எளிது. ஆனால் ஒவ்வொரு நிலையத்தின் எல்லையிலும் இத்தகைய நோயாளிகள் சிலரே இருப்பார்கள். நிலையங்களின் எண்ணிக்கை போதாவிட்டால் முடிவில் உறுதி இராது. மற்றொன்று, நோயாளிகளைத் தனித்தனியே நான்கு அணிகளாகப் பிரிப்பது: இரண்டு மருந்துகள், ஒவ்வொன்றிலும் அடிக்கடி சந்திப்பு அல்லது வழக்கமான சந்திப்பு. மாரடைப்பில் ஆஸ்பிரினையும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் ஒரே நேரத்தில் சோதித்து 1988-ல் வெளிவந்த, 17,187 பேரைச் சேர்த்த ஐசிஸ்-2 ஆய்வின் அமைப்பு இது. இன்விக்டஸ் பிரிக்க முடியாமல் விட்டதை இது பிரித்துக்காட்டும். தடை நெறியில் இருக்கிறது: ஒரு பெரிய ஆய்வில் கூடுதல் இறப்போடு தொடர்புபட்ட மருந்தை மறுபடியும் பாதிப் பேருக்குத் தரலாமா? கண்காணிப்பே கிடைக்காத இடத்தில் தரலாம் என்று வாதிட இடமுண்டு. அந்த வாதம் எனக்கு ஓரளவே ஏற்புடையது. கண்காணிப்பைக் கொண்டுபோக முடியுமா என்று முதலில் முயன்று பார்த்த பிறகே அதைச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

ஒப்புதல் பெறுவதிலும் கவனம் தேவை. 2009 முதல் இந்தியாவில் மருந்தாய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். 2019-ன் புதிய மருந்து மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் பாதிப்புக்கு இழப்பீட்டையும் வரையறுக்கின்றன. இலவசப் பரிசோதனையும் பேருந்துச் செலவும் கிடைக்கும் ஆய்வில் சேர மறுப்பது ஏழைக்கு எளிதல்ல. இழந்த கூலியை ஈடுகட்டுவது தூண்டுதலா, நியாயமா என்று நெறிக்குழுக்கள் தயங்குவதுண்டு. நியாயம் என்றே கருதுகிறேன். ஈடுகட்டாவிட்டால், கூலியை இழக்கத் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே ஆய்வில் நிலைப்பார்கள். முடிவும் அவர்களுக்கே பொருந்தும்.

திறந்திருப்பவை

வால்வு சுருங்கி மேலறை நடுக்கம் உள்ளவருக்கு இன்றைய சான்று வைட்டமின் கே தடுப்பு மாத்திரையின் பக்கமே நிற்கிறது. அதை மாற்றும் அளவுக்கு எதிர்ச்சான்று இல்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் மிகுந்த நோய் இது. கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் இத்தகைய ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு என்ன தருவது என்பது பெரும்பாலும் அனுபவத்தின் பேரிலேயே தீர்மானிக்கப்படுகிறது. அசெனோகூமராலும் வார்ஃபரினும் ருமாட்டிக் நோயாளியில் சமமா என்பதும் முறையாகச் சோதிக்கப்பட வேண்டியதே.

அளவும் ஒரு தடை. இன்விக்டஸில் ஏறக்குறைய ஆயிரம் இறப்புகள் நிகழ்ந்த பிறகே வேறுபாடு புலப்பட்டது. டெல்டா மாவட்டங்களால் மட்டும் அந்த எண்ணிக்கையைத் திரட்ட முடியாது. பல மாநிலங்கள் சேர வேண்டும். ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருக்கும் காலத்தை முடிவாக எடுத்துக்கொண்டால் சில நூறு பேரிலேயே, இரண்டு மூன்று நடவுப் பருவங்களுக்குள் இங்கேயே ஆய்வை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் காலம் கூடினால் இறப்பு குறையும் என்பது ருமாட்டிக் நோயாளிகளில் இன்னும் குலுக்கல் முறையில் நிறுவப்படாத அனுமானம். சிறிய ஆய்வைத் தொடங்குபவர்கள், முடிந்த பிறகும் அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர நிதியும் ஆட்களும் ஒதுக்கியிருந்தால் மட்டுமே அந்த அனுமானத்தைச் சோதிக்க வாய்ப்பிருக்கும்.